72,000 கிலோமீட்டர் ஓடிய பைக்குக்கு ஒரு எக்செல் ஷீட்

வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. வாசலில் பழைய பைக் நிற்கிறது. கம்ப்யூட்டரைப் பயன்படுத்தி அந்தப் பைக்கை இன்னும் சில வருடங்கள் நல்லபடியாக ஓட்டுவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

நான் மாங்காட்டிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன். அப்பா வாங்கிய 100 சிசி பைக்தான். மீட்டரில் 72,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்துவந்த மெக்கானிக், கடையை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விட்டார். கோன் செட் எப்போது மாற்றியது, செயின் செட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதெல்லாம் அவர் நினைவில்தான் இருந்தது. அவரோடு அந்த விவரமும் போய்விட்டது. புது மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வியே, "கடைசியா எப்ப சார் மாத்துனீங்க?" என்பதுதான்.

ஹார்டு டிஸ்க் தான் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைத் தானே குறித்துவைக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். பழைய பைக்குக்கு அந்த வசதி கிடையாது. நாம்தான் செய்துகொடுக்க வேண்டும்.

ஷீட் தயாரிக்கும் முறை

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், எதுவானாலும் சரி. புதிய ஃபைலைத் திறந்துகொள்ளுங்கள். பி1 செல்லில் இன்றைய மீட்டர் ரீடிங்கை டைப் செய்யுங்கள். மூன்றாவது வரிசையில் தலைப்புகள்: ஏ காலத்தில் வேலை, பி காலத்தில் இடைவெளி, சி காலத்தில் கடைசியாகச் செய்த கிலோமீட்டர், டி காலத்தில் அடுத்து செய்ய வேண்டியது, இ காலத்தில் மீதம், எஃப் காலத்தில் நிலை. தேதிக்கும் செலவுக்கும் மேலும் இரண்டு காலம் விடுங்கள்.

டி4 செல்லில் சமக்குறி போட்டு, பி4, சி4 இரண்டையும் கூட்டுங்கள். இ4 செல்லில் டி4-இலிருந்து பி1-ஐக் கழியுங்கள். பி1-க்கு டாலர் குறி போட மறக்காதீர்கள். அப்போதுதான் கீழே காப்பி செய்யும்போது அந்த செல் நகராமல் இருக்கும். எஃப்4-இல் இஃப் ஃபங்ஷன்: மீதம் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் "உடனே", 200-க்குக் கீழ் என்றால் "நெருங்கிவிட்டது", இல்லையென்றால் "சரி". கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் "உடனே" என்பதற்குச் சிவப்பு நிறம் கொடுத்துவிடுங்கள்.

உதாரணம்: ரீடிங் 72,400. செயினுக்கு ஆயில் போட 500 கிலோமீட்டர் இடைவெளி, கடைசியாகப் போட்டது 72,050-இல். அடுத்தது 72,550. மீதம் 150. ஷீட் "நெருங்கிவிட்டது" என்று காட்டும். வாரம் ஒருமுறை பி1-ஐ மட்டும் மாற்றினால் போதும்.

இடைவெளிகளை வண்டியோடு வந்த மேனுவலில் இருந்து எடுங்கள். மேனுவல் தொலைந்திருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் பிடிஎஃப் கிடைக்கிறதா என்று தேடுங்கள். இன்னொரு விஷயம்: பழைய வண்டியில் மீட்டர் கேபிள் அறுந்துவிடும். அறுந்த நாளைக் குறித்துவைத்து, தினமும் ஓடும் தூரத்தைக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேலைகளைப் போடலாம்?

இன்ஜின் ஆயில்: புது வண்டியில் ஆயில் மாற்றினால் போதும். அதிகம் ஓடிய வண்டியில் இடையில் அளவும் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் சமதரையில் நிறுத்தி, வாரம் ஒருமுறை பாருங்கள். குறைந்திருந்தால் எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்பதையும் ஷீட்டில் எழுதுங்கள். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட்டும் இதே ஆயிலில்தான் நனைகிறது. உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

செயின்: பின் ஸ்பிராக்கெட்டின் பின்பக்கத்தில் செயினைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரியும் அளவுக்கு வந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பல் ஒரு பக்கமாகக் கொக்கி போல வளைந்திருந்தாலும் அப்படியே. செயின், இரண்டு ஸ்பிராக்கெட் எல்லாவற்றையும் செட்டாக மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் சீக்கிரம் வீணாகும். செயினைச் சுத்தம் செய்யும்போது இன்ஜின் கட்டாயம் ஆஃப் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஓடும் செயினில் துணி சிக்கினால் விரலும் கூடவே போகும்.

பிரேக்: இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். குன்றத்தூர் ரோட்டில் முன்னால் போகும் டிப்பர் லாரி திடீரென்று நின்றால், நம்மைக் காப்பாற்றுவது ஷூவில் மீதமிருக்கும் சில மில்லிமீட்டர்தான். பல டிரம் பிரேக்குகளில் வெளியே ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக அழுத்தும்போது அது எல்லைக் குறியைத் தொட்டால் ஷூ முடிந்துவிட்டது. டிஸ்க் பிரேக்கில் ஃப்ளூயிட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஏர் ஃபில்டர்: நம் பக்கத்துத் தூசிக்கு மேனுவலில் சொன்ன இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துப் போடுவது நல்லது.

டயர்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும், ரப்பரில் வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயரை நம்ப வேண்டாம்.

பேட்டரி: மல்டிமீட்டர் இருந்தால், வண்டி ஓய்வில் இருக்கும்போது சுமார் 12.5 வோல்ட், இன்ஜின் ஓடும்போது ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் ஏறவில்லை என்றால் பேட்டரியை மாற்றுவதற்கு முன் சார்ஜிங் பகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மைலேஜ் சொல்லும் கதை

இரண்டாவது ஷீட்டில் பெட்ரோல் கணக்கு. ஃபுல் டேங்க் போட்டு ரீடிங்கை எழுதுங்கள். அடுத்த முறை அதே அளவுக்கு நிரப்பும்போது, இடையில் ஓடிய தூரத்தைப் பில்லில் உள்ள லிட்டரால் வகுங்கள். 348 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் என்றால் மைலேஜ் 58. ஒரு தடவைக் கணக்கை நம்ப வேண்டாம். ஐந்தாறு தடவை சேர்ந்ததும் லைன் சார்ட் போடுங்கள்.

கோடு மெதுவாக இறங்கினால் ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது என்று வரிசையாகப் பாருங்கள். ஒரேயடியாகக் கொஞ்சம் இறங்கி அங்கேயே நின்றால் காரணம் பெட்ரோலாகவும் இருக்கலாம். 2022-இல் 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டிய நம் நாடு, 2025-இல் 20 சதவீதத்தை எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதனால் கலப்பு 10-இலிருந்து 20 ஆகும்போது, கணக்குப்படி மூன்று, நான்கு சதவீதம் மைலேஜ் குறையும். அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. ஆனால் பழைய கார்ப்பரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் டியூப், ரப்பர் வாஷர்கள் இறுகிவிட்டனவா என்று பார்த்து மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் வேலையா, விற்பனையா?

எங்கள் வீட்டில் அடிக்கடி வரும் விவாதம் இது. இப்போது ஷீட்டைப் பார்த்துத்தான் பேசுகிறோம். டாப் அப் ஆயில் அளவு மாதாமாதம் கூடுகிறதா? சைலன்சரில் நீலப் புகை வருகிறதா? ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து நின்றால் பெரும்பாலும் வால்வு சீல். அது சிறிய செலவு. முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங், போரிங் வரை போகலாம். கடந்த ஒரு வருடத்தில் எங்கள் பைக்குக்கு டயர் உட்பட 6,500 ரூபாய் செலவு. ஓடியது 7,500 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 87 காசு. அதற்கு இப்போது விற்க வேண்டிய அவசியம் இல்லை என்று அப்பாவே சொல்லிவிட்டார்.

மூன்றாவது ஷீட்டில் தேதிகள்: இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, ஆர்சி. பதிவு செய்து 15 வருடம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. முடியும் தேதியிலிருந்து டுடே ஃபங்ஷனைக் கழித்தால் மீதி நாட்கள் தெரியும்.

ஃபைலை ஒரு பென் டிரைவிலும் செல்போனிலும் காப்பி எடுத்துவையுங்கள். முதல் ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, வண்டியின் சைடு பாக்ஸிலும் வையுங்கள். மெக்கானிக்குக்கு உதவப்போவது அந்தத் தாள்தான். பழைய விவரம் எதுவும் ஞாபகம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தெரியாத வேலைகளை ஒருமுறை சோதிக்கச் சொல்லி, அன்றைய ரீடிங்கைத் தொடக்கமாகப் போடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை மீட்டரைப் பார்த்து பி1 செல்லை நிரப்புங்கள். மற்றவை ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிடும்.