யந்திர வியாபார ஸ்தலங்களில் கடுஞ்சொல்லும் அதனால் விவசாயிக்கு நேரும் நஷ்டமும்

டிராக்டர், பவர் டில்லர், நெல் அறுவடை யந்திரம் முதலியவை நமது கிராமங்களில் கலப்பையைப் போலவே பழகிய கருவிகளாகிவிட்டன. இவற்றை வாங்கும்போது விலை என்ன, குதிரைச் சக்தி எவ்வளவு, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் செலவாகும் என்று நாலு இடங்களில் விசாரிக்காத நிலச்சுவான்தார் இல்லை. ஆனால் வாங்கிய யந்திரத்தைப் பல வருஷங்கள் ஓடச்செய்ய வேண்டியவர் அதைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கும், உதிரிபாகம் எடுத்துத் தரும் சிப்பந்தியுமே. அவர்களோடு எவ்விதம் பழகுவது என்பதை யோசிப்பவர் மிகச் சிலர். வியாபார ஸ்தலங்களில் விவசாயிகள் பேசும் பேச்சு பல சமயங்களில் கேட்கத் தகாததாயிருக்கிறது. உரத்தையும் பூச்சியையும் பற்றிப் பேசவேண்டிய பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இதனால் வரும் நஷ்டமும் உரக்குறைவால் வரும் நஷ்டத்தைப் போலவே களத்தில்தான் தெரிகிறது. ஆகையால் இது இப்பக்கத்துக்கு உரியதே.

கோபத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. காவேரி டெல்டாவில் குறுவை அறுவடை பெரும்பாலும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழையோடு மழையாக வருகிறது. சம்பா அறுவடை தை, மாசியில் ஒரே சமயத்தில் எல்லா ஊர்களிலும் வந்து குவிகிறது. கதிர் சாய்ந்து கிடக்கையில் அறுவடை யந்திரத்தின் ஒரு பெல்ட் அறுந்தாலும், ஒரு பேரிங் உடைந்தாலும் வேலை நின்றுவிடும். ஒரு நாள் தாமதத்தில் நெல் உதிரும். மழை பிடித்தால் கதிரிலேயே முளை கிளம்பும். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமாக நூற்றுக்கு 17 பாகத்துக்கு மேல் இருத்தலாகாது என்பதால், ஈரத்தில் அறுத்த நெல்லுக்கு அங்கேயும் தகராறு. இத்தனை கவலையையும் சுமந்துகொண்டு வருகிறவர் கடை வாசலில் அடக்கமாக நிற்பது கஷ்டமே. இதைப் பல வருஷங்கள் வேலை பார்த்த சிப்பந்திகள் நன்கு அறிவார்கள். "என்ன தம்பி, இன்னும் எத்தனை நாழி?" என்று உரக்கக் கேட்டால் அவர்கள் மனம் நோவதில்லை.

மனம் நோவது வேறு விதமான பேச்சால். முற்காலத்தில் கலப்பையும் கொழுவும் செய்து தந்த ஊர்த் தச்சரும் கொல்லரும் வருஷந்தோறும் களத்தில் படி நெல் பெற்று வந்தார்கள். நிலமுடையவர் அவர்களை 'டா' போட்டு அழைப்பது அக்காலத்து வழக்கமாயிருந்தது. அதுவும் நியாயமான வழக்கமென்று சொல்வதற்கில்லை. களத்து நெல் போயிற்று. பேச்சு மட்டும் போகவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்துத் தேறி, இருபது வருஷ அனுபவமுள்ள மெக்கானிக்கை, மீசை அரும்பாத நிலச்சுவான்தார் மகன் 'வாடா, போடா' என்று ஏவுவதை இன்றும் காணலாம். பில் போடும் இடத்திலும் டெலிபோனிலும் வேலை செய்பவர்களில் பெண்கள் பலர். அவர்களிடம் தம் வீட்டுப் பெண்கள் காதில் விழக்கூடாத வார்த்தைகளைச் சொல்லிவிட்டு, மறுநாள் அதே கடைக்கு ஒன்றும் நடவாதது போல் வருகிறவர்களும் உண்டு.

இனி, எதற்காகக் கடிந்து பேசுகிறார்கள் என்று பார்ப்போம். முக்கியமாக வாரண்டி விஷயத்தில்தான் சண்டை மூளுகிறது. யந்திரத்தைச் செய்வது ஒரு கம்பெனி. அதை விற்பவர் அக்கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்ட தனி வியாபாரி. வாரண்டிக் காலத்தில் ஒரு பாகம் கெட்டுப்போனால், வியாபாரியின் ஆட்கள் சேஸிஸ் எண், என்ஜின் எண், ஓடிய மணிநேரம், முன்பு செய்த சர்வீஸ் விவரம் இவைகளோடு கெட்ட பாகத்தையோ அதன் படத்தையோ கம்பெனிக்கு அனுப்பவேண்டும். இலவசமாகத் தருவதா இல்லையா என்று தீர்மானிப்பது கம்பெனியே. கம்பெனி மறுத்தால், முன்னதாகவே பாகத்தை மாற்றிக் கொடுத்த வியாபாரி கைப்பொருளை இழப்பார். ஆகையால் 'இலவசமாகப் போட்டுத் தருகிறேன்' என்று அவ்விடத்திலேயே வாக்குக் கொடுக்கும் அதிகாரம் மேஜையண்டை நிற்கும் பையனுக்குக் கிடையாது. அவனை எவ்வளவு வைதாலும் அந்த அதிகாரம் அவனுக்கு வந்துவிடாது.

கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், பில்டர், பெல்ட் முதலிய தேய்ந்துபோகும் சாமான்கள் பொதுவாக வாரண்டியில் சேருவதில்லை. டயர், பாட்டரி, டீசல் பம்பு இவைகளுக்கு அவற்றைச் செய்த கம்பெனிகளே தனித்தனியாக உத்தரவாதம் தருவது வழக்கம். இதைச் சொல்லி வேறிடத்துக்குப் போகச் சொன்னால், 'விற்கும்போது பல்லைக் காட்டினாய், இப்போது கையை விரிக்கிறாய்' என்ற வசவு எழுகிறது. விற்ற சமயத்திலேயே இதை விளங்கச் சொல்லாதது வியாபாரியின் குற்றந்தான். ஆனால் விற்றவர் ஒருவர், வசவு வாங்குகிறவர் இன்னொருவர்.

கடுஞ்சொல்லால் விவசாயிக்கு என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொள்வோம். வாங்கி ஒரு வருஷமே ஆன டிராக்டர் கரும்புகை கக்குகிறது, இழுவை குறைகிறது, என்ஜின் ஆயில் அடிக்கடி இறங்குகிறது. இதற்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது ஏர் கிளீனர். ஆயில் ஊற்றும் வகையைச் சேர்ந்த ஏர் கிளீனரின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. குறித்த கோடு வரையில் அதில் ஆயில் இருந்தால், உள்ளே வரும் காற்றிலுள்ள புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும். கோடையில் காய்ந்த நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டும்போது தினந்தோறும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்து, சேறாகிப்போன ஆயிலைக் கொட்டிவிட்டுப் புது ஆயில் ஊற்றவேண்டும். இதைச் சொந்தக்காரர் டிரைவரிடம் விட்டுவிடுகிறார். டிரைவர் நாளைக்கு ஆகட்டுமென்று விட்டுவிடுகிறார். கிண்ணம் வறண்டாலும், ரப்பர்க் குழாயின் கிளிப் தளர்ந்தாலும், புழுதி நேரே சிலிண்டருக்குள் போய் மணல்தாள் கொண்டு தேய்த்தாற்போல் லைனரையும் பிஸ்டன் ரிங்குகளையும் அறுத்துவிடும்.

குழாயைக் கழற்றி உள்ளே விரலைவிட்ட மாத்திரத்தில் மெக்கானிக்குக்கு உண்மை தெரிந்துவிடும். விரலில் புழுதி ஒட்டுகிறது. ஆனால் எதிரில் சொந்தக்காரர், 'புது என்ஜின் என்று சொல்லி ஓட்டை என்ஜினைத் தலையில் கட்டிவிட்டீர்கள், திருட்டுப் பயல்கள்' என்று கூட்டம் கூட்டிக்கொண்டிருக்கிறார். டிரைவரும் பக்கத்தில் முகம் வெளுத்து நிற்கிறார். இந்நிலையில் 'உங்கள் ஆள் ஆயில் ஊற்றவில்லை' என்று சொல்லத் துணிகிறவர் யார்? "கம்பெனியிலிருந்து என்ஜினீயர் வந்து பார்க்கவேண்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மெக்கானிக் குழாயை மாட்டிவிடுகிறார். என்ஜினீயர் வர நாட்கள் ஆகின்றன. வந்தவர் புழுதி புகுந்ததாக எழுதி உத்தரவாதத்தை மறுக்கிறார். அதைச் சொந்தக்காரர் நம்புவதில்லை. பணம் கட்டி லைனரும் பிஸ்டனும் மாற்றிக்கொள்கிறார். கிண்ணமோ முன்போலவே வறண்டு கிடக்கிறது. மாற்றிப் போட்ட லைனரும் அடுத்த கோடையில் அதே கதியை அடைகிறது. மெக்கானிக்கைத் தனியாக அழைத்து, "அண்ணே, உள்ளதைச் சொல்லுங்கள், என்ன நடந்திருக்கும்?" என்று கேட்டிருந்தால் சில நிமிஷங்களில் முடிந்திருக்கும் விஷயம் இது. டிரைவரைச் சற்று அப்பால் அனுப்பிவிட்டுக் கேட்பது உத்தமம்.

புது யந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 1-ந் தேதி முதல் புகைக் கட்டுப்பாட்டின் நான்காம் படி அமுலுக்கு வந்தது. இதற்கேற்பச் செய்யப்பட்ட பல என்ஜின்களில் டீசல் தெளிப்பதை ஒரு மின்னணுப் பெட்டி நடத்துகிறது. கோளாறு வந்தால் மெக்கானிக் முதலில் ஒரு கருவியை மாட்டி அதன் குறியீட்டைப் படித்தாக வேண்டும். ஸ்பேனரைத் தொடுவது அதன் பிறகே. இதைக் கண்டு 'வேலை தெரியாதவன் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பொழுது போக்குகிறான்' என்று ஏசுவது அறியாமையால் வருவது. அந்தப் பெட்டியைப் பார்க்காமல் ஒயர்களை அறுத்துப் பார்க்கிற மெக்கானிக்குக்கே பயப்படவேண்டும்.

விலை விஷயத்திலும் இவ்வாறே. டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. வரி 2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 22-ந் தேதி முதல் நூற்றுக்கு 12-லிருந்து 5-ஆகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் பில் போட்டு வாங்கியவர்களுக்கு அந்த வித்தியாசம் திரும்பிவராது. வரியை விதிப்பது சர்க்கார். வசூலித்துக் கட்டுவது மட்டுமே வியாபாரியின் வேலை. மானியமும் அப்படியே. வேளாண்மை யந்திரமயத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு நூற்றுக்கு 50-ம், மற்றவர்களுக்கு 40-ம், உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்கப்படுகின்றன. மனுவைப் பரிசீலித்து அனுமதிப்பது வேளாண்மைப் பொறியியல் துறை. அனுமதி தாமதமானால் அத்துறையின் உதவிச் செயற்பொறியாளர் காரியாலயத்தில் போய்க் கேட்பதே முறை. காரியாலயத்தில் கைகட்டி நின்றுவிட்டுக் கடைப் பையனிடம் வந்து வீரம் காட்டுவதால் கோப்பு நகருவதில்லை.

வியாபாரிகளிடம் தப்பில்லை என்று இதற்கு அர்த்தமல்ல. அறுவடைக் காலத்துக்கு வேண்டிய பெல்ட்டும் பேரிங்கும் இருப்பு வைக்காதவர், நாளை ஆள் அனுப்புகிறேனென்று சொல்லி நாலு நாள் இழுப்பவர், செய்யாத வேலைக்குப் பில் போடுகிறவர் உண்டு. இவர்களிடம் விவசாயி உறுதியாகவே பேசவேண்டும். உறுதிக்கு வசவு தேவையில்லை, காகிதம் தேவை. யந்திரத்தைப் பழுதுக்கு விடும்போது ஜாப் கார்டு எழுதி வாங்கி, அதில் ஹவர் மீட்டரின் கணக்கும், தாம் சொன்ன குறையும், தேதியும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கலாம். வாரண்டியில் மாற்றியதானால் அது கம்பெனிக்குப் போகும். சர்வீஸ்களைக் கையேட்டில் கண்ட மணிநேரத்தில் செய்து, புத்தகத்தில் முத்திரை வாங்கவேண்டும். சர்வீஸைத் தவறவிட்டவர் வாரண்டி கேட்கும்போது அவர் கை பலவீனப்பட்டுவிடுகிறது. குறை தீராவிட்டால் வியாபாரிக்கும் கம்பெனிக்கும் தபாலில் எழுதலாம். 1915 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம்.

அதற்கும் பலனில்லையேல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வியாஜ்யத்துக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷங்களுக்குள் மனுச் செய்யவேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரையிலானால் கட்டணமில்லை. 50 லட்சம் வரையிலான விஷயங்கள் மாவட்ட ஆணையத்திலேயே தீரும். தம் ஜீவனத்துக்காகத் தாமே தொழில் நடத்த வாங்கியவர் நுகர்வோர் ஆவார்; பல யந்திரங்கள் வைத்து வாடகைத் தொழில் நடத்துகிறவரை எதிர்த்தரப்பு ஆக்ஷேபிக்கக் கூடும். இங்கெல்லாம் பேசுவது ஜாப் கார்டும் பில்லும்தான். கடையில் போட்ட கூச்சலை யாரும் சாட்சியமாக எடுத்துக்கொள்வதில்லை. எதிர்த்தரப்பார் மட்டும் அதைச் சௌகரியமாக நினைவுகூர்வார்கள்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் கவனிக்கவேண்டிய விஷயங்கள் இரண்டு. சில ஊர்களில், வயலுக்கு வந்த மெக்கானிக்கின் மோட்டார் சைக்கிள் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, யந்திரம் ஓடினால்தான் தருவோமென்று நிறுத்திவிடுகிறார்கள். ஒருவரை இவ்விதம் போகவொட்டாமல் தடுப்பது குற்றம். அன்றைய வேலை நடந்துவிட்டாலும், மறுமுறை அந்த ஊருக்கு 'ஆள் இல்லை' என்ற பதில்தான் வரும். மேலும், ஆதிதிராவிட அல்லது பழங்குடி வகுப்பைச் சேர்ந்த சிப்பந்தியை, அவ்வகுப்புகளைச் சேராதவர் பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் ஜாதிப் பெயர் சொல்லி இழிவாகப் பேசுவது 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. இதை 'ஊர் வழக்கு' என்று சமாதானம் செய்துவைக்க அலுவலருக்கு அதிகாரமில்லை. சாவி பிடுங்கிய தகவல் வந்தால் உடனே போய்ச் சாவியை வாங்கிக் கொடுத்து, யந்திரத்தின் குறையை அங்கேயே ஜாப் கார்டில் எழுதச் செய்து, இரு தரப்பிலும் கையொப்பம் வாங்கிவைத்தால், விவசாயியின் உரிமையும் கெடாது, மெக்கானிக்கும் மறுபடி வருவார்.

யந்திரத்தைச் சோதிக்க ஏற்ற காலம் அறுவடைக்கு முந்திய மாதமே. சம்பாவுக்குக் கார்த்திகை, மார்கழியிலேயே அறுவடை யந்திரத்தின் பெல்ட், பேரிங், கத்தி, செயின் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். அப்போது மெக்கானிக்குகளுக்கு அவசர அழைப்புகள் குறைவாயிருக்கும்; ஒவ்வொரு பாகத்தையும் காட்டி இன்னும் எத்தனை நாள் தாங்குமென்று நிதானமாகச் சொல்வார்கள். தேய்ந்ததாகச் சொன்ன பாகங்களின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒரு பெல்ட்டும் இரண்டு பேரிங்கும் வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.