ஃபெல்ட் யானையும் என் அவசரமும்

வியாபாரம் பேசும் இந்தப் பத்தியில் இவ்வாரம் ஒரு பொழுதுபோக்கைப் பற்றி எழுதுகிறேன். அதற்குக் காரணம் நான் விட்ட ஒரு பிழை.

என் தங்கையின் மகள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த நாட்களில், ஃபெல்ட் துணியில் உள்ளங்கை அளவு யானை ஒன்றைத் தைத்திருந்தாள். கண்டதும் என் வியாபாரப் புத்தி விழித்துக்கொண்டது. "மகள், பெருநாளைக்கு முந்தி ஐம்பது தைத்துத் தாங்க, கடையில வைத்து வித்துத் தாறன்" என்றேன். பன்னிரண்டாவது யானையோடு அவள் ஊசியை வைத்துவிட்டாள். "மாமா, இப்ப ஊசியைக் கண்டாலே வெறுப்பா இருக்கு" என்றாள்.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். ஒரு யானைக்கு ஐந்து மணித்தியாலம் போயிருக்கிறது. நான் மனதில் வைத்திருந்த விலையில் துணி, நூல், பஞ்சுச் செலவைக் கழித்தால், அவளுடைய ஒரு மணித்தியால உழைப்புக்கு ஒரு பிளேன்டீக் காசுகூடத் தேறவில்லை.

குறை அந்தக் கைவேலையில் இல்லை. தையல் பழகுகிறவர்களுக்கு இதைவிட இலகுவான ஆரம்பம் குறைவு. ஃபெல்ட் நெய்த துணியல்ல. கம்பளி இழைகளை ஈரம், சூடு, அழுத்தம் கொடுத்து ஒன்றோடொன்று பிணையச் செய்வது. மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் செயற்கை இழையில் ஆனவை. நெய்யாததால் வெட்டிய ஓரம் நூல் நூலாகப் பிரியாது, மடித்துத் தைக்கவும் வேண்டாம். தையல் மெஷினும் தேவையில்லை.

முதலில் கடதாசியில் உருவத்தை வெட்டி, அதை வைத்து இரண்டு துண்டு ஃபெல்ட் வெட்டுங்கள். கண், வாய் ஆகியவற்றை இணைப்பதற்கு முன்பே நூலால் தைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கென்றால் மணியோ பொத்தானோ வைக்க வேண்டாம், கழன்றால் விழுங்கிவிடுவார்கள். இரண்டையும் சேர்த்து ஓரத்தைச் சுற்றித் தைத்து, இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக, கால் போன்ற ஒடுங்கிய இடங்களுக்கு முதலில், பென்சில் நுனியால் தள்ளி நிரப்பி மூடிவிடுங்கள். முதல் முயற்சிக்கு யானையைவிட மீன் நல்லது. அதற்குக் காலுமில்லை, தும்பிக்கையுமில்லை.

இதே ஃபெல்ட் யானையிலிருந்து உலகறிந்த வியாபாரம் ஒன்று பிறந்ததும் உண்மைதான். ஜேர்மனியின் கீங்கென் நகரில் 1847இல் பிறந்த மார்கரேட்டே ஸ்டைஃப் என்ற பெண், குழந்தையிலேயே போலியோவால் இரு கால்களும் செயலிழந்தவர். வலது கையும் பலவீனம். அப்படியிருந்தும் தையல் கற்று, 1877இல் ஃபெல்ட் ஆடைகள் விற்கும் தொழிலைத் தொடங்கினார். 1879இன் இறுதியில் ஒரு சஞ்சிகையில் கண்ட மாதிரியை வைத்துச் சிறு யானைகள் தைத்தார். அவை விளையாட்டுப் பொருட்களல்ல, ஊசி குத்தி வைப்பதற்கானவை. ஆனால் பிள்ளைகள் அவற்றை எடுத்து விளையாடத் தொடங்கினார்கள். 1886 அளவில் 5,000க்கும் மேற்பட்ட யானைகள் விற்பனையாகியிருந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒழுங்கு. அவருக்குச் சோறு போட ஏற்கெனவே வேறு தொழில் இருந்தது. கை நன்கு பழகியிருந்தது. கேள்வி பிள்ளைகளிடமிருந்து வந்தது, அதன் பிறகே உற்பத்தி பெருகியது. நானோ கேள்வி வருமுன்னே உற்பத்திக்கு உத்தரவு போட்டேன்.

ஆகவே பெற்றோருக்கும் மாமாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை தைத்த முதல் பொம்மைக்கு விலை கேட்காதீர்கள். ஆசை தீரத் தைக்கட்டும், பிடித்தவர்களுக்குக் கொடுக்கட்டும். வெளியார் இரண்டு மூன்று பேர் தாமாக வந்து கேட்டால், அப்போது பிள்ளையோடு உட்கார்ந்து பொருட்செலவு, போன மணித்தியாலம், பழுதாகிப்போனவை மூன்றையும் எழுதிப் பாருங்கள். கணக்குச் சரிவந்தால் விற்கலாம். சரிவராவிட்டாலும் நட்டமில்லை. பிள்ளையின் கையில் ஒரு தொழில் பழகியிருக்கும்.

அந்தப் பன்னிரண்டு யானைகளையும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம். மருமகள் இப்போது ஒரு மீன் தைத்துக்கொண்டிருக்கிறாள். நான் எதுவும் கேட்கவில்லை.