சைட்டு தொறக்கல்லியா? பதறாம பாருங்க!



குழுக் கடன், முதியோர் ஓய்வூதியம், பிள்ளைகளுடைய கல்வி உதவித்தொகை என்று பல வேலைகள் இன்று இணையம் வழியாகத்தான் நடக்கின்றன. கடைசி நாளன்று சைட்டு தொறக்கல்லன்னா கையும் ஓடாது, காலும் ஓடாது. "நெட்டு போச்சு" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் திரையில் வரும் எழுத்தைக் கவனித்தால் கோளாறு எங்கே என்று நாமே கண்டுபிடிக்கலாம்.

1. நம்ம பக்கமா, அந்தப் பக்கமா?

முதலில் வேறொரு சைட்டைத் திறந்து பாருங்கள். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு நம்ம பக்கம்தான். குரோமில் சின்ன டைனோசர் படம் வந்தால் இணைப்பே இல்லை என்று அர்த்தம். டேட்டா ஆனில் இருக்கா, ஏரோப்ளேன் மோடு விழுந்திருக்கா, ரீசார்ஜ் முடிஞ்சுதா என்று பாருங்கள். மோடம் இருந்தால் அரை நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து, செல்போன் டவர்கள் நின்று நம்ம மாவட்டமே தவித்தது. அதுபோன்ற நேரத்தில் போனைத் தட்டிப் பயனில்லை. புயல் எச்சரிக்கை வந்தாலே விண்ணப்ப வேலையை முன்கூட்டி முடித்துவிடுங்கள்.

2. முகவரி கிடைக்கவில்லை என்று வந்தால்

ஒவ்வொரு சைட்டுக்கும் கதவு எண் மாதிரி ஓர் எண் உண்டு. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தருவதுதான் டி.என்.எஸ். இந்த முறை 1983-ல் உருவானது. ஓர் எழுத்து தப்பினாலும் அதற்கு வீடு தெரியாது. எனவே எழுத்தைச் சரிபாருங்கள். எழுத்து சரியாக இருந்தும் வரல்லன்னா, செல்போன் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதில் வந்தால் அலுவலக லைனில்தான் பிரச்சினை.

3. எண்கள் வந்தால்

404 என்றால் சைட்டு இருக்கிறது, நாம் கேட்ட பக்கம்தான் இல்லை. முகப்புப் பக்கத்திலிருந்து தேடுங்கள். 500, 502, 503 என்றால் கோளாறு அவர்கள் பக்கம். 2021 ஏப்ரல் 28 மாலை 4 மணிக்கு 18 வயதுக்கு மேற்பட்டோருக்கான தடுப்பூசிப் பதிவு தொடங்கியதும், எல்லாரும் ஒன்றாக நுழைந்ததால் கோவின் தளம் திணறியது நினைவிருக்கும். அதிகாலையிலோ இரவிலோ முயற்சி செய்யுங்கள்.

4. இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்தால்

இதுதான் முக்கியம். அசல் சைட்டுக்குச் சான்றிதழ் உண்டு. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருக்கும். நம்ம கம்ப்யூட்டரில் தேதி பின்னால் போயிருந்தால், செல்லும் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். பழைய கம்ப்யூட்டரின் உள்ளே உள்ள வட்ட பேட்டரி தீர்ந்தால் இப்படி ஆகும். தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால் மேலே போகாதீர்கள். பாஸ்வேர்டு, பின் நம்பர், ஓ.டி.பி. எதுவும் கொடுக்காதீர்கள்.

5. பணம் கட்டும்போது நின்றுவிட்டால்

உடனே மறுபடியும் பட்டனை அமுக்காதீர்கள். இரண்டு தடவை பணம் போய்விடலாம். கணக்கில் பணம் குறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறைந்திருந்தால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு வங்கிக் கிளையில் கேளுங்கள். கஸ்டமர் கேர் நம்பரைக் கூகுளில் தேடி அழைக்க வேண்டாம். மோசடிக்காரர்கள் அங்கேயும் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். பாஸ்புக்கில் உள்ள எண்ணே போதும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

சகோதரிகளே, "என்னமோ வந்துச்சு" என்று சொல்லாமல், திரையில் வந்ததை அப்படியே எழுதி வைத்துக் காட்டுங்கள். உதவுகிறவர்களுக்கு வேலை எளிதாகும். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைச் சத்தமாக வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத அக்காமாருக்கும் விஷயம் போய்ச் சேரட்டும்.