நடக்கும்போது இருமலா, நின்ற பிறகு இருமலா?

செப்டம்பர் 29 உலக இதய நாள். அதையொட்டித் தனியார் மருத்துவமனைகளின் 'இதயப் பரிசோதனைத் தொகுப்பு' விளம்பரங்கள், 'மாத இறுதிவரை மட்டும்' என்ற குறிப்போடு வரத் தொடங்கிவிடுகின்றன. வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதியவர்களில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள், பல ஆண்டுகளாகப் பிபி மாத்திரை சாப்பிடுபவர்கள் எல்லோரும் உண்டு. நடைப்பயிற்சிக்குப் போனால் இருமல் வருகிறது, ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் 'நார்மல்' என்கிறார்கள், பிறகு ஏன் இந்த இருமல், சலுகை முடிவதற்குள் இன்னொரு முறை எக்கோ எடுத்துவிடலாமா என்பதுதான் கேள்வி.

அதே பரிசோதனையை அதே விதமாக எடுத்தால் பெரும்பாலும் அதே விடைதான் வரும். எக்கோ எடுக்கும்போது நோயாளி இடதுபக்கம் சாய்ந்து, அமைதியாகப் படுத்திருக்கிறார். இருமலோ பாலம் ஏறும்போதோ, பூங்காவில் மூன்றாவது சுற்றிலோ வருகிறது. இதயம் உழைக்கும்போது வரும் தொல்லையை இதயம் ஓய்வெடுக்கும்போது தேடினால் கிடைக்காமல் போவதில் வியப்பில்லை.

அறிக்கையில் எல்லோரும் முதலில் பார்ப்பது 'இ.எஃப்.' என்ற எண்ணை. 60 சதவீதம் என்றிருந்தால் வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடம் நிரம்பிய ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அந்த அறை எவ்வளவு எளிதாக நிரம்புகிறது என்பதை அது சொல்வதில்லை. மேலைநாட்டு ஆய்வுகளில் இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இந்த எண் இயல்பாகவே இருக்கிறது. ஆகவே 'இதயம் நன்றாக இயங்குகிறது' என்று அறிக்கையின் அடியில் அச்சாகும் வரியை, 'படுத்திருக்கும்போது நன்றாகத் தள்ளுகிறது' என்று மட்டுமே படிக்க வேண்டும். அதே அறிக்கையில் 'டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், கிரேடு 1' (இதயம் தளர்ந்து நிரம்புவதில் லேசான குறை) என்று இன்னொரு வரி இருக்கக்கூடும். 'வயசானா வரும்' என்று சொல்லி அதைக் கடந்துவிடுகிறார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் நடந்தால் இருமுகிற ஒருவரின் அறிக்கையில் அந்த வரியை அப்படிக் கடந்துபோகக் கூடாது.

இதன் பின்னாலுள்ள கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 75 என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் இதயம் சுருங்க 0.27 நொடி போகிறது, மீதி 0.53 நொடி அது தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிற நேரம். துடிப்பு 200 ஆனால் மொத்தமே 0.3 நொடிதான். அப்போது சுருங்கும் நேரம் 0.16 நொடியாகத்தான் குறைகிறது, நிரம்பும் நேரமோ 0.14 நொடிக்கு விழுந்துவிடுகிறது. 200 என்பது உடலியங்கியல் நூல்கள் காட்டும் எல்லைக் கணக்கு; நம் நோயாளி அந்த அளவுக்குப் போகமாட்டார். ஆனால் திசை ஒன்றுதான். வேகம் கூடும்போது பெரிய வெட்டு நிரம்பும் நேரத்தின்மேல்தான் விழுகிறது.

ஆரோக்கியமான இதயம் இதைச் சமாளிக்கும். சட்டென்று தளர்ந்து, உறிஞ்சுவதுபோல் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். பல ஆண்டு ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன் ஆகியவற்றால் விறைத்துப்போன இதயத்துக்கு அது முடியாது. சிறுவயதில் வாதக் காய்ச்சல் வந்து மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்களுக்கும் முடியாது. கோயில் நடை திறந்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் வெளியே வரிசை நீள்வதுபோல, உள்ளே போக முடியாத ரத்தம் இடது மேலறையில் தேங்குகிறது. அழுத்தம் பின்னோக்கி ஏறி நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே குழாய்ச் சுவரைத் தாண்டி நீர் கசியத் தொடங்குகிறது.

கசிவை உடல் எப்படி அறிகிறது என்பதற்கு விடை கண்டவர் ஓர் இந்தியர். பர்மாவின் மோகோக்கில் 1925-இல் பிறந்த அவதார் சிங் பெயின்டல், பூனைகளின் வேகஸ் நரம்பைப் பிரித்து, அதில் ஒற்றை இழையில் ஓடும் மின்துடிப்புகளைப் பதிவுசெய்தார். நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டியே சில நரம்பு முனைகள் இருக்கின்றன என்பதை 1950-களில் கண்டறிந்தார். 1969-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் அவற்றுக்கு 'ஜே' உணர்விகள் என்று பெயர். நுண்குழாய்களுக்கும் காற்றுப்பைகளுக்கும் இடையிலுள்ள திசுவில் நீர் சேரும்போது இவை விழித்துக்கொள்கின்றன. மூச்சு வேகமாகிறது, ஆழம் குறைகிறது. தொண்டைக்கும் மார்புக்கும் இடையே ஏதோ அடைப்பதுபோன்ற உணர்ச்சி வருகிறது, வறட்டு இருமல் வருகிறது. அந்த முனைகளைத் தூண்டும் லோபலின் என்ற பொருளைப் பின்னாளில் மனிதர்களின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தபோதும் இதே தொண்டை உணர்ச்சியும் இருமலும் வந்தன. தில்லியின் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்துக்கும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும் தலைமை வகித்தவர் பெயின்டல், 2004-இல் காலமானார். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக வந்திருக்க வேண்டும்.

எனக்கு இதில் வியப்பளிப்பது இந்த உணர்விகளின் நோக்கம்பற்றி அவர் வைத்திருந்த கருத்து. கடும் உழைப்பில் நுரையீரலுக்குள் ரத்த ஓட்டம் எல்லை மீறும்போது உடலை நிறுத்தச் சொல்லும் காவல் ஏற்பாடாக அவற்றை அவர் பார்த்தார். பூனைகளில் இந்த முனைகளைத் தூண்டியபோது கால் தசைகளும் தளர்ந்தன. மனிதரில் அந்தத் தளர்ச்சி எவ்வளவு தூரம் நிகழ்கிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நடுவயதைக் கடந்த ஒருவர் 'மாடி ஏறினா காலே வரலை, கூடவே இருமல்' என்று சொல்லும்போது, அதைச் சளித் தொல்லை என்று எழுதி அனுப்பிவிடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு இந்த ஆராய்ச்சி ஒன்றே போதும். மூச்சிரைப்பு வருவதற்கு முன்பாகவோ, அதற்குப் பதிலாகவோ, நுரையீரல் இருமலால் பேசக்கூடும்.

இனி, இருமல் எந்த நேரத்தில் வருகிறது என்பதுதான் முதல் துப்பு. தேக்கத்தால் வரும் இருமல் பெரும்பாலும் நடந்துகொண்டிருக்கும்போதே தொடங்கும். நின்று இளைப்பாறினால் தணியும். அன்றிரவு மல்லாந்து படுத்தால் மறுபடி வரக்கூடும். கால்களில் இருந்த ரத்தம் மார்புக்குத் திரும்புவதே காரணம். தலையணைகளின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் கூடுகிறதென்றால் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குனிந்து செருப்பு மாட்டும்போது அரை நிமிடத்துக்குள் மூச்சு முட்டுவதும் இதே வகைதான்.

நடையை முடித்து, பெஞ்சில் உட்கார்ந்த பிறகு இருமல் பிடித்துக்கொண்டால் சந்தேகம் மூச்சுக்குழல் பக்கம் திரும்புகிறது. பயிற்சியால் வரும் மூச்சுக்குழல் சுருக்கம் நிறுத்திய 5 முதல் 15 நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கும். வேகமாக உள்ளிழுக்கும் வறண்ட காற்று குழல்களின் ஈரத்தை எடுத்துவிடுவதால் வருவது இது. மார்கழிக் காலையில் கூடுதலாகத் தெரியும். பயிற்சிக்கு முன்னும், பயிற்சி முடிந்தபின் சில நிமிட இடைவெளிகளிலும் ஊதவைத்து அளந்தால், ஒரு நொடியில் ஊதும் காற்றின் அளவு 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைவது தெரியவரும். செலவு குறைந்த சோதனைதான். ஆனாலும் இதயத் தொகுப்புகளில் இதை நான் பார்த்ததில்லை.

இதய நோயாளிகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. துடிப்பைக் குறைக்கத் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளில் சில, உள்ளே ஒளிந்திருக்கும் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ப்ரோப்ரனலால், கார்வெடிலால் போன்றவற்றில் அந்த வாய்ப்பு கூடுதல், மெட்டோபுரொலால், பைசொப்ரொலால் போன்றவற்றில் குறைவு. மாத்திரைப் பட்டியலைக் கேட்கும் மருத்துவரிடம் பலர் சொல்ல மறப்பது கண் சொட்டு மருந்தை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமொலாலும் பீட்டா பிளாக்கர்தான். ஒரு சொட்டு கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் கலந்து மூச்சுக்குழலைச் சுருக்கிவிட முடியும்.

நேரமே பார்க்காமல், தொண்டையில் நமைச்சலோடு, உட்கார்ந்திருந்தாலும் வரும் வறட்டு இருமல் என்றால் முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள். எனாலபிரில், ராமிப்ரில் என 'பிரில்' என்று முடியும் மாத்திரைகள், பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கின்றன. அது தேங்கி, இருமல் நரம்புகளைக் கூர்மையாக்குகிறது. மருந்துத் தாளில் 'லேசான பக்கவிளைவு' என்று போட்டிருப்பார்கள். இரவெல்லாம் இருமி, பேச்சைப் பாதியில் நிறுத்தி, சிறுநீர் கசிந்து அவதிப்படும் பெண்களுக்கு அந்த 'லேசான' என்ற சொல் அநியாயம். இந்த இருமல் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். மாத்திரையைத் தொடங்கிச் சில மணி நேரத்திலும் வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். நிறுத்தினால் பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்தில் போய்விடும். சிலருக்கு 3 மாதம்வரை இழுக்கும். 'சார்டன்' என்று முடியும் மாற்று மாத்திரைகளில் இது மிகக் குறைவு. ஆனால் மாற்றுவது மருத்துவர் கையில் இருக்கட்டும். இருமலுக்குப் பயந்து சொல்லாமல் நிறுத்தியவர்களின் இதயம்தான் விலை கொடுக்கிறது.

எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்பதற்கு அதிகாரபூர்வ வரையறைகள் இரண்டு உண்டு. பெரியவர்களுக்கு 8 வாரத்துக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்ட இருமல் என்கின்றன பன்னாட்டு வழிகாட்டு நெறிகள். 2 வாரம் நீடித்தாலே சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கிறது நம் காசநோய்த் திட்டம். இரண்டாவதை இதய நோயாளிகளும் அப்படியே பின்பற்ற வேண்டும், காசநோய் இதய நோயாளிகளை விட்டுவைப்பதில்லை. முதலாவது அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல. நடந்தால் புதிதாக இருமல் வரும் இதய நோயாளி 8 வாரம் காத்திருக்கக் கூடாது. அந்த வாரமே போக வேண்டும்.

மருத்துவரிடம் என்ன கேட்பது? இதயம் உழைக்கும்போது எடுக்கும் சோதனையைக் கேளுங்கள். வழக்கமான டிரெட்மில் சோதனை (டி.எம்.டி.) அதற்கு ஈடாகாது. ரத்தக்குழாய் அடைப்பின் அறிகுறியை ஈ.சி.ஜி.யில் தேடுவதே அதன் வேலை. 'டி.எம்.டி. நெகட்டிவ்' என்பதற்கு 'நுரையீரலில் அழுத்தம் ஏறவில்லை' என்று பொருள் இல்லை. மிதிக்கவைத்தோ நடக்கவைத்தோ எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவில், நிரம்பும் அழுத்தத்தையும் வால்வையும் சேர்த்துப் பார்க்கும்படி குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இதயத்தின் சுமையைக் காட்டும் பி.என்.பி. ரத்தப் பரிசோதனை உதவும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு அது உண்மை நிலையைக் குறைத்துக் காட்டும் என்பதை மறக்கக் கூடாது. கடைசிச் சோதனை, இதயத்துக்குள் குழாய் செலுத்திய நிலையில் படுத்தபடி மிதிக்கவைத்து நேரடியாக அளப்பது. உழைப்பில் நுரையீரல் நுண்குழாய் அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டினால் விடை உறுதி. எல்லா ஊரிலும் இது கிடைக்காது, எல்லோருக்கும் தேவையும் இல்லை.

செலவில்லாத ஒரு வழி இன்றே தொடங்கலாம். எத்தனையாவது நிமிடத்தில் இருமல் வந்தது, நின்றபின் எவ்வளவு நேரம் இருந்தது, படுத்தபோது வந்ததா, காலை எடை என்ன என்று ஒரு வாரம் எழுதி எடுத்துச் செல்லுங்கள். ஓய்வில் எடுத்த எந்த அறிக்கையிலும் இல்லாத தகவல் அந்தத் தாளில் இருக்கும்.

மற்றக் கேள்விகள்:

நடப்பதை நிறுத்திவிடலாமா? மருத்துவரைப் பார்க்கும்வரை இருமல் வராத வேகத்தில் நடங்கள். நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் நிறுத்துங்கள்.

கடையில் இருமல் மருந்து வாங்கலாமா? வேண்டாம், சிலவற்றில் ரத்த அழுத்தத்தையும் துடிப்பையும் ஏற்றும் பொருட்கள் உண்டு.

சாப்பிட்டதும் நடந்தால் மட்டும் இருமுகிறது? இரைப்பை அமிலம் மேலேறுவதாக இருக்கலாம், ஆனால் இதயத்தைப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வாருங்கள்.

அமியோடரோன் சாப்பிடுகிறேன்? புதிய இருமலை உடனே சொல்லுங்கள், அந்த மருந்து நுரையீரலையே பாதிக்கக்கூடியது.

3 நாளில் 2 கிலோ எடை கூடி, கால் வீங்கினால்? அன்றே மருத்துவமனை.

இளஞ்சிவப்பு நுரையோடு சளி வந்தால்? படுக்கவைக்காமல் உட்காரவைத்து, 108-ஐ அழையுங்கள்.

மாரடைப்பு வரும்போது பலமாக இருமினால் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? மருத்துவமனையில், கருவிக் கண்காணிப்பில், மருத்துவர் சொல்லச் சில நொடிகள் செய்வது அது. வீட்டில் இருமிக்கொண்டு நேரத்தைக் கழிக்காமல் 108-ஐ அழையுங்கள்.