பள்ளி மாணவரும் மரங்களின் பருவக் கணக்கும்

மா எப்பொழுது பூக்கும், புளி எப்பொழுது துளிர்க்கும் என்று கேட்டால் கிராமத்து முதியவர் தயங்காமல் விடை கூறுவார். சென்ற இருபது ஆண்டுகளில் அப்பூக்கும் காலம் எத்தனை நாள் முந்தியது அல்லது பிந்தியது என்று கேட்டால் அவராலும் கூற இயலாது. ஞாபகம் வேறு, பதிவு வேறு. ஜப்பானில் கியோட்டோ நகரத்துச் செர்ரி மரங்கள் மலர்ந்த நாள்களைப் பற்றி ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட குறிப்புகளும் உள்ளன. ஆகவேதான் 2021-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் தேதி அவை முழுமையாக மலர்ந்தபோது, அதுவரை கிடைத்த பதிவுகளில் அதுவே மிக முந்திய நாள் என்று விஞ்ஞானிகள் துணிந்து கூற முடிந்தது. இந்திய மரங்களுக்கு இத்துணை நீண்ட தொடர்க் குறிப்பு கிடையாது.

இக்குறையை நீக்கும் பொருட்டு 2010-ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கப்பெற்றதே 'சீசன்வாட்ச்' என்னும் திட்டம். மைசூர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் பெங்களூர் தேசிய உயிரியல் விஞ்ஞான மையமும் இதில் ஈடுபட்டன. மரங்களைக் கவனிப்போருள் பெரும்பாலோர் பள்ளி மாணவர். அவர்களுள்ளும் கேரளத்து மாணவரே மிகுதி.

செய்முறை மிக எளிது. மாணவர் ஒருவர் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்க்கிறார். தளிர், முதிர்ந்த இலை, அரும்பு, மலர், காய், பழம் ஆகிய ஒவ்வொன்றும் 'இல்லை', 'சில', 'பல' என்னும் மூன்றனுள் எந்நிலையில் உள்ளது என்று குறிக்கிறார். எண்ண வேண்டுவதில்லை, மதிப்பிட்டால் போதும். பூ இல்லாத வாரத்தில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்று பிள்ளைகள் விட்டுவிடுவது இயல்பு. அது பெரும் பிழையாகும். சென்ற வாரம் 'இல்லை' என்றும் இவ்வாரம் 'சில' என்றும் இருந்தால்தான், மரம் பூக்கத் தொடங்கிய நாள் ஏழு நாள் எல்லைக்குள் அகப்படும்.

கைபேசியின் பணி இதன் பிறகே வருகிறது. பதிந்த விவரம் தேதியுடனும் இடக்குறிப்புடனும் மைய அட்டவணையைச் சேர்கிறது. பல்லாயிரம் தாள்களைப் பிரதி செய்யும் உழைப்பும், அதில் நேரும் பிழைகளும் இல்லை. மலரே காணாத மரத்தில் திடீரெனப் 'பல' பழங்கள் தோன்றினால், பட்டியலை ஆராய்பவர் அதனை எளிதில் கண்டுபிடிக்கலாம். கைபேசி இல்லாத பிள்ளை குறிப்பேட்டில் எழுதி வைத்து, ஆசிரியர் வாயிலாகப் பதியலாம். பார்க்கும் கண்தான் முதற் கருவி.

கேரளத்தில் இக்கணக்கு ஒரு வழக்கையே விசாரிக்க வேண்டியிருந்தது. ஏப்ரல் மாத நடுவில் வரும் விஷுப் பண்டிகைக்குச் சரக்கொன்றை மலர் இன்றியமையாதது. அங்கு அதனைக் கணிக்கொன்றை என்பர். அது இப்பொழுது பண்டிகைக்கு முன்பே பூத்துவிடுகிறது, பருவம் தவறியும் பூக்கிறது என்னும் பேச்சு எழுந்தது. மாணவர் பதிவுகளில் ஏப்ரல் அல்லாத மாதங்களிலும் கொன்றை பூத்தது காணப்பட்டது. எனினும் இதைக் கொண்டே பருவம் மாறிவிட்டது என்று கூறிவிட இயலாது. முன்பும் அவ்வாறு பூத்ததா என்பதற்குப் பழைய கணக்கு இல்லை. இன்றைய பதிவுகள் வருங்காலத்தாருக்கு அந்தப் பழைய கணக்காக அமையும்.

இங்கே ஓர் இடையூறு உண்டு. ஏப்ரல், மே மாதங்கள் கோடை விடுமுறை. கொன்றை பூத்துக் குலுங்கும் அதே வேளையில் பள்ளி வளாகத்து மரத்தைப் பார்க்க ஆளிராது. ஆதலின் மாணவருக்கு வீட்டருகிலுள்ள மரத்தையே ஒப்படைப்பது நலம்.

களப் பணியாளருக்கும் இவ்விவரங்கள் உபயோகமானவை. வேப்பம் பழம் ஒவ்வொரு வட்டாரத்திலும் எந்த வாரத்தில் பழுக்கிறது என்று தெரிந்தால், நாற்றங்காலுக்கு விதை திரட்டும் நாளை முன்கூட்டியே திட்டமிடலாம். வேப்பம் விதை விரைவில் முளைப்புத் திறனை இழப்பதால், ஒரு வாரத் தாமதமும் நஷ்டமே. மாம்பூவின் காலம் தெரிந்தால் பூச்சிகளைக் கண்காணிக்கும் நாளும் தெரியும்.

மாணவர் பள்ளியை விட்டு நீங்கும்போது மரத்தின் கணக்கும் அறுந்துபோவதுண்டு. இதைத் தவிர்க்க, மரத்திற்கு ஓர் எண்ணிட்டு, அதன் இருப்பிடத்தைப் பள்ளிப் பதிவேட்டில் குறித்து, ஆண்டு முடிவில் கீழ் வகுப்பு மாணவர் ஒருவரிடம், அவரை மரத்தடிக்கே அழைத்துச் சென்று ஒப்படைக்க வேண்டும்.