எட்டாம் வகுப்பில் ஏன் இந்த எரிச்சல்?

அன்னூரில் காலை ஏழு மணிக்கே சத்தி ரோட்டில் பள்ளி வேன்கள் ஓடும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் தாமதமாகவே சுரக்கிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். டியூஷனும் செல்போனும் அதைத் தின்றுவிடுகின்றன.

தூக்கம் குறைந்தால் பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் மூளைப் பகுதியான அமிக்டலா துள்ளும். அதை அடக்கும் மூளையின் முன்பகுதியோ இன்னும் முதிரவில்லை. கேலி, வீட்டுச் சண்டை, மதிப்பெண் ஒப்பீடு சேர்ந்தால் மனச்சோர்வு வேர்விடும். அது அழுகையாக வராமல், "எதிர்த்துப் பேசறான்" என்று நாம் சலித்துக்கொள்ளும் எரிச்சலாகவும் வரும்.

2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பை நிறுத்தியது. வீடுகளிலும் மதிப்பெண் ஒப்பீட்டை நிறுத்த வேண்டும். பிள்ளைக்கு இரண்டு வாரமாகச் சாப்பாடு, விளையாட்டு எதிலும் நாட்டமில்லையா? மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், இலவசம்.