நாற்றுமேடையிற் கற்கும் பாடம்

நேற்று மாலை பச்சைப்பசேலென நின்ற மிளகாய் நாற்றுக்கள் மறுநாட் காலையில் அடித்தண்டு நைந்து சாய்ந்து கிடக்கக் காணாத கமக்காரர் அரியர். நீர் போதாமையென எண்ணிப் பலர் மேலும் நீர் ஊற்றுவர், எஞ்சியனவும் மாண்டுபோம். ஈரம் மிகுந்த மண்ணில் வாழும் பங்கசுக்களே நாற்றழுகல் எனும் இந்நோய்க்குக் காரணம்.

ஒரு நாட் செய்கைக்காட்சியில் மேடை அமைப்பதைக் காணலாம். நாற்றுப் படும் பாட்டைக் காண முடியாது. மிளகாய் நாற்று நடுகைக்கு ஆயத்தமாக நான்கைந்து வாரங்கள் செல்லும். வாரம் ஒரு நாள் கூடும் பகுதிநேரத் தோட்டக்கலை வகுப்பின் பயன் இங்கேதான் விளங்கும். பயில்வோர் வகுப்பிற் செய்ததைத் தம் வளவிலும் செய்து, நேர்ந்த பிழையை அடுத்த வாரம் ஆசிரியரிடம் காட்டலாம். சாய்ந்த நாற்றொன்றைப் பிடுங்கிச் செல்வது ஏட்டில் எழுதிய கேள்வியிலும் மேலானது.

முதல் வாரத்தில் 3 அடி அகலமும் 6 அங்குல உயரமுமான மேடை அமைத்து, அதன்மேல் வைக்கோலையும் உமியையும் மாறிமாறிப் பரப்பி எரிப்பர். நெற்செய்கையாளருக்கு இவை அரிய பொருள்களல்ல. தீயைக் காற்றுக்கு எதிராக மெல்லப் படரவிடவேண்டும்; விரைந்தெரியும் தீயின் சூடு மண்ணுள் இறங்காது. மண் ஆறியபின் 4 அங்குல இடைவெளியில் வரிசையாக, ஐதாக விதைப்பர்.

நீர் ஊற்றும் அளவைக் கற்றலே கடினம். அதற்குக் கண் பழகவேண்டும். வகுப்பு மேடையின் ஒரு மூலையை எரிக்காது விட்டு, அங்கு நெருக்கமாக விதைத்து, மிகையாக நீர் ஊற்றி வைப்பது நல்லதொரு போதனை முறை. மூன்றாம் வாரத்தில் பயில்வோர் முதலில் அம்மூலைக்கே செல்வர்.